தலைக்கு எவ்வளவு?

காலை நிகழ்ச்சியில் ஏழரை மணிச் செய்திக்கு முன்னால் தினமும் ஓர் எண்ணைச் சொல்லி, அது எதைக் குறிக்கிறது என்று நேயர்களைக் கேட்பது வழக்கம். போன மாதம் ஒருநாள் நான் சொன்ன எண் 14,570. இரட்டைக் கோபுரத்தின் கண்ணாடிகள் என்றார் ஒருவர். தைப்பூசத்தில் உடைத்த தேங்காய் என்றார் இன்னொருவர், அதுவும் ஒரே தெருவில் என்று சேர்த்துக்கொண்டார். விடை: 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருத்துவத்துக்கு ஒரு தலைக்கு ஆன செலவு, டாலரில்.

விடையைச் சொன்ன சில நிமிடங்களில் கிள்ளானிலிருந்து லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். “தங்கச்சி, அவ்ளோ காசு செலவு பண்றவங்க நூறு வயசு வரைக்கும் இருக்கறாங்களா? நம்ம பெரியாஸ்பத்திரியில ஒரு வெள்ளிதான். நாம எப்படி உசுரோட இருக்கோம்?”

நிலையத்தில் எல்லாரும் சிரித்தோம். வானொலியில் ஒரு கணக்கைப் பத்து விநாடிக்கு மேல் இழுத்தால் நேயர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். அதனால் “நல்ல கேள்வி அண்ணே” என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டேன். இங்கே அந்த அவசரம் இல்லை என்பதால் அவருடைய இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

நூறு வயதுக் கேள்விக்குப் பதில் சுலபம். இல்லை. அதே 2023இல் அமெரிக்கர்களின் சராசரி ஆயுள் 78 வயதுக்குச் சற்று மேல். மலேசியாவில் ஏறத்தாழ 75. ஜப்பானில் 84. விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிப் பார்த்தாலும், ஜப்பானியர் ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவு அமெரிக்கர் ஒருவருக்கு ஆவதில் பாதிகூட இல்லை.

ஒரு வெள்ளிக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. நம்மில் பலரும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. முகப்பில் கொடுக்கும் இந்தத் தொகை, டாக்டரின் சம்பளத்தில் சில நிமிடங்களுக்கு மேல் காணுமா என்பதே சந்தேகம். மீதி வேறு இடத்திலிருந்து வருகிறது.

தலைக்கான செலவு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஓராண்டில் நாடு முழுக்க மருத்துவத்துக்குப் போன பணத்தையெல்லாம் கூட்டுகிறார்கள். அரசாங்கத் தாதியின் சம்பளம், தனியார் மருத்துவமனையின் பில், காப்புறுதி நிறுவனம் கட்டியது, முதலாளி கட்டியது, மருந்துக் கடையில் நாம் வாங்கிய பானடோல் எல்லாம் அதில் அடக்கம். பிறகு மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். நேற்றுப் பிறந்த குழந்தையும் ஒரு தலை, பத்து ஆண்டாக டாக்டரைப் பார்க்காத ஆளும் ஒரு தலை. நம் சுகாதார அமைச்சு தொகுக்கும் கணக்கில் 2021, 2022 வாக்கில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 வெள்ளி. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இது இன்னும் குறைவாக, 400க்கும் 500க்கும் இடைப்பட்ட டாலராகத் தெரியும். புதுக் கட்டடம் கட்டிய செலவு போன்றவற்றை அவர்கள் சேர்ப்பதில்லை. ஒரே நாட்டுக்கு இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

டாலரில் ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கல். யாழ்ப்பாணத்தில் ஒரு தாதி ஊசி போடுவதும் பாஸ்டனில் ஒரு தாதி ஊசி போடுவதும் ஒரே வேலை. இருவரின் சம்பளமும் ஒன்றல்ல. இலங்கை தலைக்கு 200 டாலருக்கும் குறைவாகச் செலவிட்டு ஆயுளில் நமக்கு இணையாக நிற்பதற்கு இது ஒரு காரணம். அங்கே பல தலைமுறையாக அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லாமல் பார்ப்பது இன்னொரு காரணம். அதனால்தான் நிபுணர்கள் அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த டாலரையும் ஒரு பத்தியில் போடுவார்கள். அந்தப் பத்தியில் மலேசியா 1,000 டாலரைத் தாண்டிவிடும்.

எந்தப் பத்தியில் பார்த்தாலும் முதலிடம் அமெரிக்காவுக்குத்தான். அடிக்கடி டாக்டரிடம் ஓடுவதால் இப்படி ஆகிறது என்று நினைத்தால், அதுவும் இல்லை. அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரி நான்கு முறை டாக்டரைப் பார்க்கிறார். ஜப்பானியர் 11, 12 முறை போகிறார். 2003இல் ஜெரார்ட் ஆண்டர்சன், ஊவே ரைன்ஹார்ட் முதலிய பொருளாதார ஆய்வாளர்கள் பல நாட்டுக் கணக்குகளை அடுக்கிவைத்துப் பார்த்து, அமெரிக்காவில் மிகையாக இருப்பது சிகிச்சையின் அளவல்ல, அதன் விலைதான் என்று எழுதினார்கள். அதே மாத்திரை, அதே ஸ்கேன், அதே அறுவை சிகிச்சை, ஆனால் விலை பல மடங்கு. ஜப்பானில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று நாடு முழுமைக்கும் ஒரே விலைப்பட்டியல் உண்டு. அரசாங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு காப்புறுதி நிறுவனமும் ஒவ்வொரு மருத்துவமனையோடும் தனித்தனியாகப் பேரம் பேசுகிறது. பேரம் பேசவும், பில் அனுப்பவும், அனுப்பிய பில்லை மறுக்கவும், மறுத்ததை எதிர்த்து எழுதவும் ஒரு பெரும் படையே வேலை செய்கிறது. அந்தப் படையின் சம்பளமும் 14,570க்குள்தான் இருக்கிறது.

இன்சுலின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கண்டுபிடித்த கனடாக்காரர்கள் 1923இல் காப்புரிமையை டொரோண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். நூறு ஆண்டு கழித்து, அதே மருந்தை மலிவாக வாங்க அமெரிக்கர்கள் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2022இல் ஒரு சட்டம் போட்டுத்தான், அதுவும் மூத்தோருக்கான அரசுக் காப்புறுதியில் இருப்பவர்களுக்கு மட்டும், மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று நிறுத்தினார்கள்.

சிங்கப்பூரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அங்கே தலைக்கான செலவு அமெரிக்காவில் ஆவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஆயுள் 83. 1984 முதல் ஒவ்வொருவர் சேமநிதியிலும் மெடிசேவ் என்று தனிக் கணக்கு இருக்கிறது. மற்ற நாட்டு அரசியல்வாதிகள் இதைக் கண்டு மயங்கி, ‘பார்த்தீர்களா, தன் பணத்தைத் தானே செலவழித்தால் மனிதன் சிக்கனமாக இருப்பான்’ என்பார்கள். அங்கே மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பங்கு அரசின் கையில் இருப்பதையும், கட்டணத்தில் அரசு தரும் கழிவையும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

என் கவனம் வடக்கு எல்லையைத் தாண்டித்தான் போனது. ஹாட்யாய்க்குப் போய் டோம் யாம் சாப்பிட்டுவிட்டு வரும் நமக்கு, அந்த ஊர்க்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போகிறார் என்று தோன்றியதே இல்லை. தாய்லாந்து மருத்துவத்துக்குத் தலைக்குச் செலவிடுவது 400 டாலருக்குள். நம்மைவிடக் குறைவு. ஆயுள் நம்மைவிடக் குறைவில்லை. இதையெல்லாம்விட முக்கியமான இன்னொரு எண் இருக்கிறது. மொத்தச் செலவில் நோயாளி தன் பையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது எவ்வளவு என்ற எண். தாய்லாந்தில் அது பத்து விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. மலேசியாவில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி.

இன்னொரு முறை படியுங்கள். ஒரு வெள்ளி மருத்துவம் நடக்கும் நாட்டில், மருத்துவத்துக்குப் போகும் ஒவ்வொரு மூன்று வெள்ளியிலும் ஏறத்தாழ ஒரு வெள்ளி, நோய் வந்தவர் அந்த இடத்திலேயே பையைத் திறந்து கொடுப்பது.

தாய்லாந்தும் 2000ஆம் ஆண்டில் இதே மூன்றில் ஒரு பங்கில்தான் இருந்தது. 2001 தேர்தலில் தக்சின் ஷினவாத்ரா ‘30 பாட்டில் எல்லா நோய்க்கும் சிகிச்சை’ என்று வாக்குக் கொடுத்தார். 30 பாட் நம் கணக்கில் நான்கு வெள்ளிக்கும் குறைவு. தேர்தல் வாக்குறுதி என்று தள்ளிவிட முடியாதபடி அதற்குப் பின்னால் பல ஆண்டு வேலை இருந்தது. சங்குவான் நித்தயாரம்போங் என்ற அரசாங்க டாக்டர், கிராமப்புற மருத்துவமனையில் வேலை பார்த்தவர், இந்தத் திட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டு அரசியல் கட்சிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே மாவட்டந்தோறும் மருத்துவமனை கட்டியிருந்தார்கள். படிப்பை முடித்த டாக்டர்களைக் கிராமத்துக்கு அனுப்பும் வழக்கமும் 1970களிலிருந்து இருந்தது. கட்டடமும் ஆளும் இல்லாத ஊரில் 30 பாட் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பணத்தை எப்படிக் கொடுத்தார்கள் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். நாம் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டு முடிந்தபின் வகுத்துப் பார்க்கிறோம். அவர்கள் ஆண்டு தொடங்கும் முன்பே வகுத்துவிட்டார்கள். 2002இல் திட்டத்தில் பதிந்த ஒவ்வொருவருக்கும் 1,202 பாட் என்று வரிப்பணத்திலிருந்து ஒதுக்கினார்கள். ஓர் ஊரில் ஐம்பதாயிரம் பேர் பதிந்திருந்தால், வெளிநோயாளி சிகிச்சைக்கான பங்கு அந்த ஐம்பதாயிரம் பேர் கணக்கில் அவ்வூர் மருத்துவமனைக்குப் போகும். யாருக்கும் காய்ச்சலே வராவிட்டாலும் பணம் உண்டு. எல்லாருக்கும் வந்தாலும் அதே பணம்தான். அதனால் சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடுவது மருத்துவமனைக்கே லாபம். படுக்கையில் சேர்க்கும் நோயாளிகளுக்குத் தனிக் கணக்கு வைத்தார்கள். நாட்டில் நான்கில் மூன்று பேர் இந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அரசு ஊழியர் திட்டமும் தொழிலாளர் திட்டமும் உண்டு.

இதைச் சொர்க்கம் என்று நான் எழுதவில்லை. கொடுத்த பணம் போதாமல் மருத்துவமனைகள் கடனில் தத்தளித்தன. கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. நல்ல சம்பளத்துக்காக டாக்டர்கள் பாங்காக் தனியார் மருத்துவமனைகளுக்குப் போனார்கள், அங்கே வெளிநாட்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை பார்த்தார்கள். ஒரே தொகைதான் வரும் என்றால் தேவையான சோதனையையும் சில இடங்களில் தவிர்த்துவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானதுதான். ஆனாலும் ஒரு குடும்பம் வைத்தியச் செலவுக்காக நிலத்தை விற்கும் நிலை பெருமளவு குறைந்தது. 2008 முதல் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸையும் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

டயாலிசிஸ் என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. நம் தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களைப் பாருங்கள். வாரம் ஒன்றிரண்டு படங்களாவது இருக்கும்: நாற்காலியில் சாய்ந்த ஓர் அப்பா, பக்கத்தில் நிற்கும் மகள், ‘பொதுமக்களின் உதவியை நாடுகிறார்கள்’ என்ற வரி. எங்கள் நிலையத்துக்கும் இப்படிக் கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலானவை டயாலிசிஸுக்குத்தான். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் 31.4 விழுக்காடு. நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000 பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவு.

தனியார் மையத்தில் ஒரு முறைக்கு 200 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும், வாரம் மூன்று முறை, மாதம் 13 முறை, 2,600 வெள்ளி. நாட்டின் தலைக்கான ஆண்டுச் செலவை அந்த மனிதர் ஒரே மாதத்தில் தாண்டிவிடுகிறார். சொக்சோவில் சந்தா கட்டியவருக்கு அது உதவும். ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்கு வழி உண்டு. அறவாரியங்களின் மையங்கள் குறைந்த கட்டணத்தில் எத்தனையோ பேரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எதிலும் அடங்காமல் விழுபவர், சொந்தமாக லாரி ஓட்டுபவர், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், ஒப்பந்த வேலைக்காரர். எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான். 2,400 என்ற சராசரியில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பையிலிருந்து கொடுக்கும் விழுக்காட்டையும் தனியே நம்பிவிடக்கூடாது. அமெரிக்காவில் அது பத்து விழுக்காடுதான், தாய்லாந்தைப் போலவே. ஆனால் 14,570இல் பத்து விழுக்காடு 1,450 டாலருக்கு மேல் வந்துவிடும். அதோடு 2023இல் ஏறத்தாழ 26 மில்லியன் பேருக்கு அங்கே காப்புறுதியே இல்லை. இந்தியாவில் அரசு வெளியிட்ட கணக்குப்படி இந்தப் பங்கு 2013-14இல் 64 விழுக்காடாக இருந்து, 2021-22இல் 39ஆக இறங்கியிருக்கிறது. இறங்கியபின்னும் அது நம்மைவிட அதிகம்.

நம் ஊரில் பையிலிருந்து போகும் பணம் எதற்குப் போகிறது? பெரும்பகுதி, காத்திருக்க முடியாததற்கு. அரசாங்க மருத்துவமனையில் முழங்கால் மாற்ற நாள் கொடுப்பார்கள், அது எட்டு மாதம் கழித்து இருக்கும். ஸ்கேனுக்கும் அப்படியே. விடியற்காலை போய் நம்பர் எடுத்து மதியம் வரை உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. அதனால் ஐம்பது, நூறு கொடுத்துத் தனியார் கிளினிக்கில் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறோம். அவசரம் என்றால் அண்ணன் தம்பி சேர்ந்து தனியார் மருத்துவமனைக்கு முன்பணம் கட்டுகிறோம்.

இதற்குப் பயந்துதான் மெடிக்கல் கார்டு எடுத்து வைத்தோம். 2024 கடைசியில் வந்த பிரிமியம் உயர்வுக் கடிதங்கள் பலருக்கும் நினைவிருக்கும். 40, 50 விழுக்காடு, சிலருக்கு அதற்கும் மேல். கூச்சல் பெரிதானபின் அந்த டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி வாங்கச் சொன்னது. பரப்பச் சொன்னது என்றால் ரத்து செய்யச் சொன்னது என்று பொருள் இல்லை. காப்புறுதி நிறுவனங்கள் மருத்துவமனைகளைக் கைகாட்டுகின்றன, மருத்துவமனைகள் மருந்து விலையையும் கருவி விலையையும் கைகாட்டுகின்றன. விலைப்பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. டாக்டரின் கட்டணத்துக்கு நம் நாட்டில் சட்டத்தில் வரம்பு உண்டு. தனியார் மருத்துவமனை பில்லில் மற்ற வரிகளைப் படித்துப் பாருங்கள், கையுறை, பஞ்சு, ஊசி. அவற்றுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அரசாங்கத்தின் சுகாதாரச் செலவைப் படிப்படியாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போது அரசும் தனியாரும் நம் பையும் சேர்ந்தே 5 விழுக்காட்டை ஒட்டித்தான் வருகிறது. அக்டோபரில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கும்போது சுகாதார அமைச்சுக்குப் பெரிய எண் ஒன்று சொல்வார்கள், நானும் அதைச் செய்தியில் வாசிப்பேன். 2025க்குச் சொன்னது 45.3 பில்லியன் வெள்ளி. 34 மில்லியன் பேருக்கு வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்குத் தலைக்கு 1,330 வெள்ளி, மாதத்துக்கு 110. நாட்டின் அத்தனை பெரியாஸ்பத்திரியும், கிளினிக்கும், தடுப்பூசியும், கொசு மருந்தும், தாதியும், டாக்டரும் அந்த 110க்குள் ஓடுகின்றன.

அறுபத்தாறு வயதாகும் என் அம்மாவின் மெடிக்கல் கார்டுக்கு அடுத்த மாதத்திலிருந்து மாதம் 438 வெள்ளி. அண்ணனும் நானும் பாதிப் பாதி கட்டுகிறோம். விட்டுவிட்டால் இந்த வயதில், சர்க்கரையோடு, வேறு எந்த நிறுவனமும் அவரை எடுக்காது. “அரசாங்க ஆஸ்பத்திரியே போதும்மா, நம்பர் எடுத்துக் குடு, நான் உக்காந்துக்கறேன்” என்கிறார் அம்மா. அண்ணன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பதில் அனுப்பக் கடைசி நாள் இம்மாதம் 28.